புரோஸ்டாகிளாண்டினை வில்லனாக்காதீர்கள்: அழற்சி லிப்பிடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரோஸ்டாகிளாண்டின் என்பது செல்களுக்கிடையே செய்தி கடத்தும் ஒரு லிப்பிடு, அதாவது கொழுப்புவகை மூலக்கூறு. அதன் பெயரைக் கேட்டாலே வலி, வீக்கம், காய்ச்சல், ஆகவே கெட்டது என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான், மற்றவை பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன. புரோஸ்டாகிளாண்டின் இ2-வை எடுத்துக்கொள்ளுங்கள். மூளையில் இபி3 என்ற ஏற்பி (செல்லில் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதம்) வழியாகக் காய்ச்சலைக் கிளப்பும் அதே மூலக்கூறு, நோயெதிர்ப்பு வெள்ளையணுவான டி செல்லின் இபி2, இபி4 ஏற்பிகளில் போய் ஒட்டினால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற உட்செய்தி மூலக்கூறு ஏறுகிறது, டி செல்களைப் பெருகத் தூண்டும் ஐஎல்-2 புரதத்தின் சுரப்பு குறைகிறது, செல் பெருகுவதும் மட்டுப்படுகிறது. கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லில் அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் இறங்கி, அதை அடக்கும் ஐஎல்-10 கூடுகிறது. பல புற்றுக்கட்டிகள் இதை நிறையச் சுரந்து தங்களைத் தாக்க வரும் செல்களை அடக்குவதும் இப்படித்தான். எந்த மூலக்கூறு என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த செல், எந்த ஏற்பி என்றும் கேட்க வேண்டும்.

அப்புறம் நேரம். இதைத்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள். முதலில் லூக்கோட்ரையீன் பி4 என்ற இன்னொரு அழற்சி லிப்பிடு, நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்களைக் கூட்டிவருகிறது. புரோஸ்டாகிளாண்டின்கள் சேரச் சேர, அதே நியூட்ரோஃபில்கள் அழற்சியை அடக்கும் லிப்பாக்சின் என்ற லிப்பிடுகளைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. 1999-ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளின் நுரையீரல் உறையில் அழற்சியை உண்டாக்கி, புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பில் பங்குள்ள காக்ஸ்-2 நொதியைத் தடுத்தார்கள். தொடக்கத்தில் தடுத்தபோது அழற்சி குறைந்தது. 48 மணி நேரம் கழித்து, அது தானாகத் தணிய வேண்டிய கட்டத்தில் தடுத்தபோது மோசமானது. மருந்து அதேதான், மாறியது நேரம்.

ஒரு பாதையை அடைத்தால் அடுத்ததில் என்ன நடக்கும் என்று பார்க்காமல் விடுவதும் ஆபத்து. ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரின் போட்டதும் மூச்சு இறுகுவது ஏன்? ஆஸ்பிரின் காக்ஸ் நொதியைத் தடுப்பதால், ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்களைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த புரோஸ்டாகிளாண்டின் இ2 குறைந்துபோக, மூச்சுக்குழாயைச் சுருக்கும் சிஸ்டைனில் லூக்கோட்ரையீன்கள் கட்டுமீறிப் பெருகுகின்றன.

மீன் எண்ணெய் குடித்தால், அதிலுள்ள கொழுப்பிலிருந்து உடல் தயாரிக்கும், அழற்சியைத் தணிக்கும் ரிசால்வின் ஏறி அழற்சி தீர்ந்துவிடும் என்று அடித்துச் சொல்லாதீர்கள். மனித ரத்தத்தில் அதன் அளவு மிகமிகக் குறைவு, அளக்கும் முறையே இன்னும் சர்ச்சையில் இருக்கிறது.

ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: ரத்தம் உறையும்போது தட்டணுக்களே திராம்பாக்சேன் என்ற, இதே குடும்பத்து லிப்பிடைக் கொட்டித் தீர்க்கும், எனவே சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் மிஞ்சும் நீரில்) அளந்த எண்ணை உடலுக்குள் இருந்த அளவாக எழுதிவிடாதீர்கள். ரத்தம் எடுக்கும் குழாயிலேயே காக்ஸ் தடுப்பானைச் சேர்த்து, உடனே குளிர்வித்து, உறையாத ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைப் பிரித்தெடுங்கள். முடிந்தால் சிறுநீரில் வரும் திராம்பாக்சேனின் சிதைபொருளை அளப்பது இன்னும் நல்லது.