கோலப்பொடி வெச்சு எலி கணக்கெடுக்கறது எப்படி?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் கரைய கடந்துச்சுல்ல, அதுக்கப்புறம் கடலூர்ல எங்க தெருவுல தண்ணி வடியறதுக்குள்ள எல்லார் வீட்டு அடுப்படிலயும் எலி வந்துடுச்சு. வளைக்குள்ள தண்ணி பூந்தா அதுவும் எங்கதான் போகும். ஆளாளுக்கு மருந்து வாங்கி வெச்சோம், ஒரு மாசம் கழிச்சு குறைஞ்சிருக்கான்னு கேட்டா யாருக்கும் சொல்லத் தெரியல, முன்னாடி எவ்ளோ இருந்துச்சுன்னு தெரிஞ்சாதானே இப்ப குறைஞ்சத சொல்ல முடியும்? அதனால மருந்துக்கு முன்னாடி கணக்கு எடுங்க.

ஸ்டெப் 1: வந்தது யாரு?

வால் உடம்ப விட நீளமா, காது பெருசா இருந்து பரண்லயும் தென்னை மரத்துலயும் ஏறுதுன்னா கருப்பு எலி. உடம்பு தடியா, காது சின்னதா, வால் உடம்ப விட குட்டையா இருந்து சாக்கடையிலேந்து வருதுன்னா பழுப்பு எலி, இதுதான் வெளிய இருந்து கப்பல்ல வந்தது, துறைமுக ஊர்ல ஜாஸ்தி. (உலகமே ஆக்கிரமிப்பு உயிரினம்னு திட்டுற கருப்பு எலிக்கு பூர்வீகம் நம்ம இந்தியா பக்கம், நாமதான் ஏத்துமதி பண்ணியிருக்கோம்.) வளை வாசல்ல மண்ண குமிச்சு வெச்சிருந்தா பெருச்சாளி. மூக்கு நீட்டிக்கிட்டு செவுத்தோரமா நாத்தத்தோட ஓடுறது மூஞ்சூறு, அது எலி இனமே இல்ல.

ஸ்டெப் 2: கோலப்பொடி

வீணாப்போன டைல்ஸ் 10 எடுத்துக்கங்க, ஒரு சாண் அகலம் போதும். எலி நடு ஹால்ல நடக்காது, செவுத்த ஒட்டியேதான் போகும், அதனால டைல்ஸையும் செவுத்தோரமா வெச்சு மேல கோலப்பொடிய மெல்லிசா தூவுங்க. கல்லுமாவு தான், அரிசி மாவு இல்ல! நான் முதல் நாள் அரிசி மாவு போட்டு காலைல பாத்தா பூரா எறும்பு, ஒரு கால்தடம் இல்ல. அம்மா வேற "எலிக்கு கோலம் போட்டு வரவேற்கறியாடா"ன்னு ஒரே சிரிப்பு.

காலைல பெருக்கறதுக்கு முன்னாடி பாருங்க. எலிக்கு முன்னங்கால்ல 4 விரல் பதியும், பின்னங்கால்ல 5. மூஞ்சூறுக்கு நாலு கால்லயும் 5. நடுவுல கோடு மாதிரி இருந்தா அது வால் இழுத்த தடம். 3 ராத்திரி இப்படி வெச்சா மொத்தம் 30 டைல்ஸ் கணக்கு, அதுல 12ல தடம் இருந்தா 40 சதவீதம்னு நோட்டுல எழுதிக்கங்க. இது எத்தன எலின்னு சொல்லாது, நடமாட்டம் எவ்ளோன்னு சொல்லும், நமக்கு அது போதும்.

ஸ்டெப் 3: வளை

சாயங்காலம் தோட்டத்துல இருக்கற எல்லா வளையையும் மண்ணு போட்டு மூடிட்டு காலைல எத்தன திறந்திருக்குன்னு எண்ணுங்க, திறந்ததுதான் ஆள் இருக்கற வளை.

ஸ்டெப் 4: கூண்டு

கருவாடு, இல்லன்னா வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை) வைங்க. எலி புதுப்பொருள்னா சந்தேகப்படும், ரெண்டு நாள் கதவ கட்டி வெச்சு சும்மா தின்ன விட்டுட்டு அப்புறம் செட் பண்ணுங்க. 5 கூண்டு 4 ராத்திரி வெச்சா 20, அதுல 3 மாட்டுனா 15 சதவீதம். மாட்டுனத வெறுங்கையால தொடவே கூடாது. அடுத்த தெருவுல கொண்டு போய் விடறதும் வேணாம், அங்க இருக்கறவங்களும் நம்ம சனம்தான்.

ஸ்டெப் 5: நோய், இத அவசரமா படிக்காதீங்க

எலிக்காய்ச்சல் கிருமி எலியோட கிட்னில இருந்து மூத்திரத்துல வரும், வெள்ளத்தண்ணில கலந்து நம்ம கால்ல இருக்கற புண்ணு, வெடிப்பு வழியா உள்ள போகும். அதனால டைல்ஸ்ல தடம் ஜாஸ்தியா இருக்கற பக்கம் செருப்பில்லாம தண்ணில எறங்காதீங்க. காய்ச்சலோட கெண்டக்கால் வலி, கண்ணு சிவப்பு வந்தா டாக்டர்கிட்ட "வீட்ல எலி, தண்ணில நடந்தேன்"னு வாய விட்டு சொல்லுங்க, சொன்னாதான் அந்த டெஸ்ட் எழுதுவாங்க.

இன்னொன்னு ஸ்க்ரப் டைஃபஸ். எலி, மூஞ்சூறு காதுல ஒட்டிக்கிட்டு இருக்கற கண்ணுக்கே தெரியாத செள்ளுக்குஞ்சு புதர்ல இருந்து நம்ம மேல ஏறி கடிக்கறதால வர்றது. கடிச்ச எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பு பொருக்கு இருக்கும், வலிக்காது, அக்குள், தொடையிடுக்குல ஒளிஞ்சிருக்கும், தேடித்தான் பாக்கணும். பிள்ளையார் வாகனம்னு மூஞ்சூற மட்டும் கணக்குல விட்டுடாதீங்க.

எலிப்புழுக்கைய காஞ்சபடியே பெருக்காதீங்க, தூசு பறக்கும். கிளவுஸ் போட்டு ப்ளீச்சிங் பவுடர் தண்ணி தெளிச்சு, அஞ்சு பத்து நிமிஷம் ஊறவிட்டு அள்ளுங்க. செத்த எலிய உடனே எடுத்துடணும், உடம்பு ஆறுனதும் அதுமேல இருக்கற தெள்ளுப்பூச்சி அடுத்த ஆளத் தேடி கிளம்பிடும்.

இப்ப மருந்தோ பொறியோ வைங்க. 3 வாரம் கழிச்சு அதே 10 டைல்ஸ், அதே எடம், அதே 3 ராத்திரி. எங்க வீட்ல 40 சதவீதம் இருந்தது 10 ஆச்சு, பக்கத்து வீட்ல பெருசா குறையவே இல்ல, போய் பாத்தா பின்னாடி கோழித்தீவனம் மூட்டை திறந்தே கிடக்கு.