ஈசிஎம் சாஃப்ட்வேர் கம்பேர் பண்றப்போ எல்லாரும் சறுக்கற இடங்கள்

ஈசிஎம்னு (என்டர்பிரைஸ் கான்டென்ட் மேனேஜ்மென்ட்) சொல்றாங்களே, அதாவது கம்பெனியோட கான்ட்ராக்ட், இன்வாய்ஸ், எச்ஆர் ஃபைல், டிராயிங் எல்லாத்தையும் ஒரே இடத்துல வச்சு யார் பார்க்கலாம், எத்தனை வருஷம் வைக்கணும், எப்போ அழிக்கணும்னு பார்த்துக்கற சாஃப்ட்வேர், அதைத் தேர்ந்தெடுக்கற கமிட்டியில நான் மூணு தடவை உட்கார்ந்திருக்கேன். முதல் ரெண்டு தடவையும் நல்லாவே சொதப்பினோம்.

முதல் குழப்பம் பேர்லயே ஆரம்பிச்சுடும். சிஎம்எஸ்னு தேடினா வேர்ட்பிரஸ், ட்ருபால்னு வரும், அதெல்லாம் வெப்சைட் நடத்தறதுக்கு, உங்க பீரோவுல இருக்கற பைல்களுக்கு இல்ல. ஈசிஎம்னு தேடினாலும் பாதி லிஸ்ட்தான் கிடைக்கும், ஏன்னா 2017-ல கார்ட்னர்ங்கற ஐடி ஆய்வு கம்பெனி அந்தப் பேரையே விட்டுட்டு கான்டென்ட் சர்வீசஸ்னு மாத்திட்டாங்க, சாஃப்ட்வேர் விக்கற வெண்டர்கள் நிறைய பேரும் அப்படியே போர்டை மாத்திக்கிட்டாங்க. ரெண்டு பேர்லயும் தேடிப் பாருங்க, அவ்வளவுதான்.

அடுத்தது எக்செல் ஷீட். இடப்பக்கம் நூறு நூத்தம்பது ஃபீச்சர், மேல அஞ்சு வெண்டர் பேரு, நடுவுல எஸ் இல்லன்னா நோ. இதை அனுப்பினீங்கன்னா எல்லாரும் எஸ் போட்டுத்தான் திருப்பி அனுப்புவாங்க, நோ போட அவங்களுக்கு என்ன பைத்தியமா. அந்த எஸ்ஸுக்குள்ள மூணு அர்த்தம் ஒளிஞ்சிருக்கு: இன்ஸ்டால் பண்ண உடனே இருக்கும்ங்கறது ஒண்ணு, தனி மாட்யூல் காசு குடுத்து வாங்கணும்ங்கறது ஒண்ணு, பார்ட்னர் கம்பெனி யாராவது கோட் எழுதித் தருவாங்கங்கறது இன்னொண்ணு. எங்க முதல் ஷீட்ல மின் கையெழுத்துக்கு எஸ் போட்டிருந்தாங்க, பில் வந்தப்புறம்தான் அது ரெண்டாவது ரகம்னு தெரிஞ்சுது. அதனால எந்த எஸ்னு மூணு கட்டம் போட்டுக் கேளுங்க.

டெமோவைப் பார்த்து மயங்கறதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய தப்பு. வெண்டர் காட்டற பிடிஎஃப் எல்லாம் பளிச்னு இருக்கும், ஸ்கேன் படத்துல இருக்கற எழுத்தைப் படிக்கற ஓசிஆர் இன்வாய்ஸ் நம்பரை டக்குனு புடிச்சுடும், நம்ம கிட்ட இருக்கறது அப்படியா, கோணலா ஸ்கேன் ஆன பேப்பர், நம்பர் மேலயே குத்தின ரப்பர் ஸ்டாம்ப், ஓரத்துல பேனாவால எழுதின குறிப்பு, 'ஃபைனல் புதுசு 3'னு பேர் வச்ச வேர்ட் ஃபைல். உங்க குப்பையிலேர்ந்தே ஒரு ஐநூறு ஃபைலை அள்ளிக் குடுத்து இதை உள்ள ஏத்தி, தேடிக் காட்டுங்கன்னு சொல்லுங்க. தேடறதை அட்மின் லாகின்ல பண்ணவே கூடாது. ரொம்ப கம்மி பர்மிஷன் இருக்கற ஒரு லாகின்ல போய் 'சம்பளம்'னு அடிச்சுப் பாருங்க. ஃபைல் திறக்காது, சரி, ஆனா ரிசல்ட்ல 'இன்னார் சம்பள உயர்வு மறுப்பு'னு தலைப்பு தெரிஞ்சா போச்சு, திறக்கவே வேண்டாம், விஷயம் அங்கயே கசிஞ்சாச்சு.

அளவு விஷயத்துல பெரிய நம்பரை மட்டும் படிக்காதீங்க. மைக்ரோசாஃப்ட்டோட ஷேர்பாயிண்ட் ஆன்லைன்ல ஒரு லைப்ரரியில, அதாவது ஒரு ஃபைல் தொகுப்புல, 3 கோடி ஐட்டம் வரை வைக்கலாம், அது உண்மைதான், ஆனா ஒரு வியூ, அதாவது ஸ்கிரீன்ல காட்டற பட்டியல், ஒரே நேரத்துல 5,000-க்கு மேல ஐட்டத்தைத் துழாவ வேண்டி வந்தா த்ரெஷோல்டு (எல்லை) தாண்டிடுச்சுனு மூஞ்சியில அடிக்கும், கஸ்டமர், தேதி மாதிரி விவரக் கட்டங்களுக்கு சீக்கிரம் தேட உதவற இன்டெக்ஸை முன்கூட்டியே போட்டு வைக்காதவங்க அங்கதான் மாட்டறாங்க. இன்னொண்ணு வெர்ஷன். அங்க ஒவ்வொரு பழைய வெர்ஷனும் முழு சைஸ்ல ஸ்டோரேஜ் கணக்குல ஏறும், 20 எம்பி ஃபைலை 50 தடவை மாத்தி சேவ் பண்ணா அந்த ஒரு ஃபைலே கிட்டத்தட்ட 1 ஜிபி. இன்னைக்கு சர்வர்ல எவ்வளவு இருக்குன்னு பார்த்து அதையே கோட்டேஷனுக்குக் குடுக்கறவங்க ஒரே வருஷத்துல முழிப்பாங்க. ரீசைக்கிள் பின் இருக்கே, அழிஞ்சா எடுத்துக்கலாம்னு நினைக்கறதும் இதே ரகம், அது 93 நாள்தான். வழக்கு நடக்கறப்போ ஒரு ஃபைலை யாருமே அழிக்க முடியாதபடி லீகல் ஹோல்டு போட முடியுமாங்கறது வேற கேள்வி, அதைத் தனியா கேக்கணும்.

லைசென்ஸ் பத்தி ஒரே வரி: ஆள் கணக்கா, ஒரே நேரத்துல உள்ள இருக்கறவங்க கணக்கான்னு கேளுங்க, மாசத்துக்கு ஒரு தடவை எட்டிப் பாக்கற ஆளுங்க நிறைய இருந்தா ரெண்டாவதுதான் கட்டுப்படியாகும்.

இப்போ யாருமே கம்பேர் பண்ணாத விஷயத்துக்கு வரேன், வெளிய வர்றது. கல்யாணப் பேச்சுல போய் டைவர்ஸ் பத்திப் பேசற மாதிரி இருக்கும், ஆனாலும் பேசித்தான் ஆகணும். டாக்குமென்டம்ங்கற பழைய ஈசிஎம்மையே பாருங்க, 2003-ல ஈஎம்சி வாங்கினாங்க, 2016-ல ஈஎம்சியையே டெல் வாங்கினாங்க, 2017-ல அது ஓப்பன்டெக்ஸ்ட் கைக்குப் போச்சு. இதே மாதிரி சாஃப்ட்வேர்தான் மத்ததும்: ஃபைல்நெட் 2006-ல ஐபிஎம்முக்குப் போச்சு, ஆல்ஃப்ரெஸ்கோ 2020-லயும் நக்ஸியோ 2021-லயும் ஹைலண்ட்ங்கற கம்பெனிக்குப் போச்சு. நீங்க கையெழுத்து போட்ட கம்பெனி பத்து வருஷம் கழிச்சு இருக்குமான்னே தெரியாது, ஃபைல் மட்டும் இருக்கணும்.

எக்ஸ்போர்ட் இருக்கான்னு கேட்டா இருக்கும்பாங்க. என்ன வெளிய வரும்னு கேளுங்க. நிறைய சிஸ்டம்ல டிஸ்க்ல ஃபைல் ஒரு நம்பர் பேர்லதான் கிடக்கும், அது எந்த கஸ்டமரோட எந்த வருஷ கான்ட்ராக்ட்ங்கறது டேட்டாபேஸ்ல தனியா இருக்கும், டிஸ்க்கை மட்டும் காப்பி பண்ணா மூட்டை மூட்டையா பேரில்லாத பேப்பர் கிடைச்ச கதைதான். பழைய வெர்ஷன், யார் எப்போ திறந்தாங்கங்கற ஆடிட் ஹிஸ்டரி, டாக்குமென்ட் மேல போட்ட மார்க்கிங் இதெல்லாம் சேர்ந்து வருமா? வேற வேற ஈசிஎம்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்க சிஎம்ஐஎஸ்னு ஒரு பொது ஸ்டாண்டர்ட் 2010-லயே ஒயாசிஸ்ங்கற தர அமைப்பு கொண்டு வந்தாங்க, அதை சப்போர்ட் பண்றோம்னு சிலர் சொல்லுவாங்க, நல்லதுதான், ஆனா ஒர்க்ஃப்ளோ, அதாவது ஒரு ஃபைல் யார்கிட்டேர்ந்து யார்கிட்ட ஒப்புதலுக்குப் போகணும்ங்கற வரிசை, அதுல வராது.

மூணாவது தடவை நாங்க ட்ரையலோட கடைசி வாரத்துல எல்லா வெண்டர்கிட்டயும் ஒரே விஷயம் கேட்டோம், நாங்க ஏத்தின ஐநூறையும் திருப்பிக் குடுங்கன்னு. மார்க்ல முதல்ல இருந்தவங்க ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஜிப் அனுப்பினாங்க, உள்ள வெறும் நம்பர் பேர்ல ஃபைல். மூணாவது இடத்துல இருந்தவங்க மறுநாளே ஃபைல், வெர்ஷன், எல்லா விவரத்தோட எக்செல்ல திறக்கற ஒரு சிஎஸ்வி பட்டியல்னு குடுத்தாங்க. அதைத்தான் வாங்கினோம். ஸ்கிரீன் பார்க்க அசிங்கமா இருக்குன்னு அக்கவுண்ட்ஸ்ல இன்னைக்கு வரைக்கும் என்னைத் திட்டிக்கிட்டுதான் இருக்காங்க.