அத்தி பூக்கவில்லை என்று வெட்டிவிடாதீர்கள்
கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் தொட்டி அத்தியைக் காட்டி, "மூணு வருஷமாச்சு தம்பி, ஒரு பூகூட வரலை, எடுத்துடலாமா?" என்று கேட்டார். இலைக்கணுவில் பட்டாணி அளவில் பச்சையாக ஒன்று உருண்டு நின்றது. அதுதான் அக்கா பூக்கொத்தே!

கோலிக்குண்டு அளவு வந்ததும் ஒன்றைப் பறித்து நெடுக்காக வெட்டிப் பாருங்கள், உட்சுவர் முழுக்க நூல்நூலாகச் சின்னப் பூக்கள் நடுவை நோக்கி நெருக்கியடித்து நிற்கும், நுனியில் செதில் மூடிய ஒரு துளையும் தெரியும். பால் பட்டால் அரிக்கும், உடனே கையைக் கழுவிவிடுங்கள்.

நாட்டு அத்தியில் அந்தத் துளை வழியாகத்தான் கடுகளவுப் பெண் குளவி நுழைகிறது. நுழையும்போதே பெரும்பாலும் இறக்கை முறிந்துவிடும், மகரந்தத்தைச் சேர்த்து, சில பூக்களில் முட்டையிட்டு, உள்ளேயே இறந்துவிடும். அப்புறம் அதன் பெண் வாரிசுகள் அங்கிருக்கும் ஆண் பூக்களின் மகரந்தத்தோடு வெளியேறி வேறு பிஞ்சைத் தேடிப் போகும். அதனால் நாட்டு அத்திக்குப் பூச்சிமருந்து அடிக்கவே அடிக்காதீர்கள்.

நர்சரியில் வாங்கும் பூனா அத்தி, டயானா போன்றவற்றுக்குக் குளவியே வேண்டாம், மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுக்கும். அவற்றில் பிஞ்சு உதிர்ந்தால் முதலில் தண்ணீரைக் கவனியுங்கள், தொட்டி ஒரு நாள் காய்ந்து மறுநாள் குளம் கட்டினால் உதிரும். ஸ்மிர்னா ரகம் மட்டும் குளவி இல்லாமல் காய் நிற்காது, வாங்கும்போதே ரகத்தைக் கேட்டுவிடுங்கள்.