செந்நாயை "நாய்" என்று நினைப்பதில் தொடங்கும் தவறுகள்

யாராவது ஒரு படத்தை அனுப்பி, "வன்னிக் காட்டில செந்நாய் நிக்குது, பாத்தனீங்களோ?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். படத்தில் நிற்பது நரி. இலங்கைக் காடுகளில் இன்று செந்நாய் இல்லை, நாய்க் குடும்பத்தில் இங்கே காட்டு விலங்காக வாழ்வது நரி ஒன்றுதான். செந்நாயைப் பார்க்க வேண்டுமென்றால் கடல் தாண்டித் தென்னிந்தியக் காடுகளான முதுமலை, ஆனைமலை, பந்திப்பூர் என்று போகவேண்டும்.

அதனால் அப்படி ஒரு படம் வந்தால், மற்றவர்களுக்கு அனுப்ப முன்னம் வாலை ஒருக்கா வடிவாகப் பாருங்கள். செந்நாய்க்கு உடம்பு நல்ல செம்மண் நிறம், வால் மட்டும் புசுபுசுவென்று கறுத்திருக்கும். நரியின் உடம்பில் மஞ்சளும் சாம்பலும் கறுப்பும் கலந்து கிடக்கும், வாலில் நுனிதான் கறுப்பு. காதும் காட்டிக்கொடுக்கும். செந்நாயின் காது நுனி வட்டமாக, உள்ளே வெள்ளை மயிரோடு இருக்கும். நரியின் காது கூர்.

அடுத்தது, ஊரில் நிற்கிற செவலை நாய் காட்டுக்குள் போய்ப் பெருகியதுதான் செந்நாய் என்ற எண்ணம். இல்லை. குவோன் என்ற பேரினத்தில் இன்று உயிரோடு இருக்கும் ஒரே இனம் அது. கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கமும் நாய்க்கு மூன்று பின்கடைவாய்ப் பற்கள், செந்நாய்க்கு இரண்டுதான். வீட்டு நாயைப் போலக் குரைக்காது, காட்டுக்குள் பிரிந்துபோன கூட்டத்தை விசிலடித்துக் கூப்பிடும். "செந்நாய்க் கலப்புக் குட்டி" என்று யாராவது விலை சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

எனக்கு மனம் வலிப்பது அதைக் கொடூரமான பிராணி என்று பேசும்போதுதான். அந்தப் பெயரால்தான் இந்தியாவில் முன்னொரு காலத்தில் செந்நாயைக் கொன்றவர்களுக்குச் சன்மானம் கொடுத்தார்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகே அதற்குப் பாதுகாப்பு வந்தது. இரையை உயிரோடு கிழித்துத் தின்பது உண்மைதான், பார்க்கச் சகிக்காது. ஆனால் 15, 20 கிலோ எடையுள்ள ஒரு பிராணியால் சிறுத்தையைப் போல ஒரு பெரிய மானின் கழுத்தைத் தனியே நெரித்துக் கொல்ல முடியாது, கூட்டமாக விழுந்து விரைவாகத் தின்னாவிட்டால் புலியோ சிறுத்தையோ வந்து பறித்துவிடும். முதுமலையில் தெப்பக்காட்டுப் பக்கம் ஒரு காலையில் புள்ளிமான் ஒன்றின் மேல் ஏழு செந்நாய்கள் நின்றதைப் பார்த்தேன், வளர்ந்தவை விலகி நிற்க இரண்டு குட்டிகள் முகமெல்லாம் இரத்தத்தோடு வயிற்றுக்குள் தலையை விட்டுத் தின்றன. குட்டிகளுக்கு முதல் பந்தி, அதுதான் அவற்றின் வழக்கம். அந்த நேரம் பின்னால் வந்த வான் ஒன்று ஹோர்ன் அடித்தது, இரண்டு பேர் போனைப் பிடித்தபடி இறங்கினார்கள். அவ்வளவுதான், கூட்டம் பாதி மானை விட்டுவிட்டுப் பற்றைக்குள் மறைந்தது.

ஆகவே அங்கே போகிற எங்கள் ஆட்களுக்குச் சொல்வது இதுதான். வாகனத்தை விட்டு இறங்கவேண்டாம், விசிலடித்துக் கூப்பிட்டுப் பார்க்கவும் வேண்டாம், கூட்டத்தைத் துரத்திக்கொண்டு போகவும் வேண்டாம். மனிதரை அது தாக்குவது மிக மிக அரிது, பயத்தில் கல்லெறிய எந்தத் தேவையும் இல்லை. இரவு சவாரிக்குப் பிடிவாதம் பிடிப்பதும் வீண், ஏனென்றால் செந்நாய் பெரும்பாலும் காலையிலும் பின்னேரத்திலும் வெளிச்சத்திலேயே வேட்டையாடும்.

கடைசியாக, பலர் தவறென்றே நினைக்காத ஒன்று இருக்கிறது. தங்குமிடத்து நாய்க்குச் சோறு வைத்துப் பழக்கி, காட்டோரம் நடக்கும்போது கூடவே வரவிடுவது. விசர்நோயும், டிஸ்டெம்பர் என்ற நாய்களைக் கொல்லும் வைரஸ் நோயும் வீட்டு நாயிடமிருந்துதான் செந்நாய்க்குப் போகின்றன, கூட்டமாக ஒன்றையொன்று நக்கி ஒரே இரையில் வாய் வைக்கிற விலங்குக்குள் நோய் புகுந்தால் மொத்தக் கூட்டமும் போய்விடும். உலகம் முழுவதும் இனப்பெருக்கம் செய்யக்கூடிய வளர்ந்த செந்நாய்கள் 949 முதல் 2,215 வரைதான் இருக்கும் என்பது 2015ஆம் ஆண்டின் மதிப்பீடு. அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டு பின்னால் வந்தால், சரி, திரும்பிப்போய் அதை வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.