ஏரியல் ஹூப், ஏரியல் சில்க்ஸ்: கைகளுக்கு முன்னால் தோள்பட்டையைப் பழக்குங்கள்

உயரத்திலிருந்து தொங்கும் எஃகு வளையத்திலோ (ஏரியல் ஹூப்) துணியிலோ (ஏரியல் சில்க்ஸ்) ஏறக் கற்க விரும்பும் பலரும் முதலில் கவலைப்படுவது கைகளில் வலுவில்லையே என்றுதான். கம்பியைப் பிடித்து உடலை மேலே இழுக்கும் புல்-அப் ஒன்றுகூட எடுக்க முடியாதவரும் தொடக்க வகுப்பில் சேரலாம். ஆனால் வகுப்புக்கு வெளியே எதை, எந்த வரிசையில் பழக வேண்டும் என்பது தெரியாவிட்டால், உடலைத் தலைகீழாகத் திருப்பும் முதல் அசைவிலேயே கற்றல் நின்றுவிடும். நானும் நெடுநாள் அங்கேதான் நின்றேன். அந்த இடத்தைத் தாண்ட உதவிய வரிசையைக் கீழே தருகிறேன்.

தேவையானவை

ஒரு புல்-அப் கம்பி, தடித்த துண்டு ஒன்று, தரையில் விரிக்க ஒரு பாய், ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (உடற்பயிற்சிக்கான ரப்பர் பட்டை) ஆகியவை போதும். வளையத்தையும் துணியையும் வீட்டுக் கூரையில் நீங்களாக மாட்டாதீர்கள். துணியில் சுற்றிக்கொண்டு விழுந்து நிற்கும் ஒருவரின் உடல், மேலே உள்ள பிணைப்பின் மீது அவருடைய எடையைப் போலப் பல மடங்கு விசையைச் செலுத்தும் என்பதால், நின்ற நிலையில் எடையைத் தாங்கிய கொக்கி அந்த நொடியில் தாங்கும் என்று சொல்ல முடியாது. காரபினர் (பூட்டிக்கொள்ளும் உலோகக் கொக்கி), ஸ்விவல் (துணியும் வளையமும் முறுக்கிக்கொள்ளாமல் சுழல விடும் இணைப்பு), மெத்தை, இவற்றைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்த பயிற்றுநர் ஆகிய நான்கும் உள்ள இடத்தில் மட்டுமே ஏறுங்கள்.

முதல் படி: தொங்குதல்

இந்தப் படியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். கம்பியைப் பிடித்து, உடலைத் தளர்த்தித் தொங்குங்கள். தோள்கள் காதுகளை நோக்கி ஏறியிருக்கும். இப்போது முழங்கைகளைச் சிறிதும் மடக்காமல், தோள்பட்டை எலும்புகளை மட்டும் கீழே இழுங்கள். காதுக்கும் தோளுக்கும் இடையே இடைவெளி உண்டாகும். உடல் ஓரிரு அங்குலம் உயரும். அவ்வளவுதான் அசைவு. பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும் இந்தச் சிறிய அசைவுதான் வளையத்திலும் துணியிலும் பின்னர் வரும் ஏறுதல், திரும்புதல், ஒற்றைக் கையில் தொங்குதல் எல்லாவற்றுக்கும் முதல் நொடி.

தொடக்கத்தில் கை தானாகவே மடங்கிவிடும். மேற்கைத் தசை முந்திக்கொண்டு வேலையை எடுத்துக்கொள்வதால், முதுகின் பெரிய தசைகள் சும்மா இருந்துவிடுகின்றன. அப்படி மடங்கினால், கால்களைத் தரையிலோ ஒரு நாற்காலியிலோ ஊன்றி, உடல் எடையில் பாதியை மட்டும் கைகளுக்குக் கொடுத்துச் செய்யுங்கள். பக்கவாட்டில் கைபேசியை வைத்துப் படம் பிடித்துப் பார்த்தால், முழங்கை நேராக இருந்ததா என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். உணர்வை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும். ஐந்து முதல் எட்டு முறை, நடுவே நல்ல ஓய்வுடன் மூன்று சுற்றுகள் செய்தால் போதும்.

இரண்டாம் படி: பிடியும் வயிறும்

துண்டைக் கம்பியின் மேல் போட்டு, அதன் இரு முனைகளையும் இரு கைகளில் பிடித்துத் தொங்குங்கள். துணியைப் பிடிப்பதற்கு இதைவிட நெருக்கமான பயிற்சி வீட்டில் இல்லை. கையில் வைத்து அழுத்தும் ஸ்பிரிங் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை விரல்களை மட்டும் களைப்படையச் செய்கின்றன, தோளோடு சேர்ந்து பிடிக்கக் கற்றுத்தருவதில்லை.

வயிற்றுக்கு, மல்லாந்து படுத்து இடுப்பின் பின்பகுதியைத் தரையோடு அழுத்தி, தோள்களையும் கால்களையும் சற்றே உயர்த்தி நிறுத்துங்கள். இடுப்புக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் இடம் கிடைத்துவிட்டால், கால்கள் மிகவும் தாழ்ந்துவிட்டன என்று பொருள், முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: இறங்குவதில் வலுவைச் சேர்த்தல்

நாற்காலியில் ஏறி, தாடை கம்பிக்கு மேல் வரும்படி நின்று, கால்களை எடுத்துவிட்டு, மூன்று முதல் ஐந்து நொடிகள் வரை எடுத்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். மேலே ஏற முடியாதவரும் இறங்கலாம். தசை நீண்டபடியே எடையைத் தாங்கும்போது ஏறும்போதைவிடக் கூடுதலான விசையைத் தாங்கும் என்பதால் இது பலன் தருகிறது. கீழே வந்ததும் தோளைத் தளர்த்திவிடாமல், முதல் படியில் பழகிய நிலையில் ஒரு நொடி நின்று, பிறகு காலை ஊன்றுங்கள்.

நான்காம் படி: தலைகீழாகத் திரும்புதல்

இதை வகுப்பில், மெத்தையின் மேல், கால் தரையில் இருக்கும் உயரத்தில் தொடங்குங்கள். துணியை முகத்துக்கு எதிரே உயரத்தில் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டி மடக்கி, தோள்களை இறக்கிக்கொள்ளுங்கள். அதன்பின் தலையையும் மார்பையும் பின்னால் சாயவிட்டு, முழங்கால்களை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பு பின்னால் சாயச் சாய இடுப்பு தானே உயரும். இடுப்பு தோளுக்கு மேல் வந்த பிறகே கால்களை விரிக்க வேண்டும்.

குதித்துக் காலை எறிந்தால் சில நாட்களுக்கு வெற்றி கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் உயரத்தில், குதிக்கத் தரை இல்லாத இடத்தில், அந்த வழக்கம் உதவாது; தோளும் திடீர்ச் சுமைக்கு ஆளாகும். குதிக்காமல் வரவில்லை என்றால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

வளையத்தில் இதற்கு இணையானது, கீழ்வளைவைப் பிடித்துத் தொங்கி, முழங்கால்களை மடக்கி, பாதங்களை இரு கைகளுக்கும் நடுவே நுழைத்து, முழங்காலின் பின்பக்கத்தைக் கம்பியில் கொக்கியாக மாட்டும் அசைவு. பலருக்கும் இது துணியைவிட எளிதாக வருவதால், முதலில் வளையத்தில் கற்பதே என் விருப்பம்.

துணியில் ஏறுவது பற்றிச் சுருக்கமாக

சில்க்ஸ், அதாவது பட்டு என்று அழைக்கப்பட்டாலும் பெரும்பாலும் அது நைலான் துணிதான். நீட்சி குறைந்த வகை, ஏறும்போது குறைவாகத் துள்ளும். ஒரு காலைச் சுற்றிப் புறங்காலின் மேல் விழும் துணியை மற்றொரு பாதத்தால் மிதித்து இறுக்கி, கால்களை நீட்டி எழுந்து நில்லுங்கள். கையால் இழுத்து ஏறுவோர் பாதி உயரத்திலேயே களைத்துவிடுவார்கள். இறங்கும்போது வழுக்கிக்கொண்டு வராதீர்கள், தோல் எரிந்துவிடும். அக்குளையும் முழங்காலின் பின்புறத்தையும் மறைக்கும் உடை அணியுங்கள். மோதிரத்தையும் ஜிப் வைத்த ஆடையையும் தவிருங்கள்.

பின்னர் சேர்த்தது

இந்த வரிசையில் பழகிய சிலர், உள்முழங்கை வலிப்பதாக எழுதியிருந்தார்கள். விரல்களை மடக்கும் தசைகள் அங்கேதான் எலும்போடு சேர்கின்றன. தசைநாண்கள் தசைகளைவிட மெதுவாகவே வலுப்பெறுவதால், கை இன்னும் தயார் என்று தோன்றும்போதே முழங்கை திணறத் தொடங்குகிறது. துண்டில் தொங்கும் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, ரப்பர் பேண்டை விரல்களில் மாட்டி விரித்து எதிர்த்தசைகளையும் பழக்குங்கள். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள், நடுவே ஒரு நாள் ஓய்வு என்பதே தொடக்கத்தில் போதுமானது. வலி தணியாவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

முழங்காலின் பின்புறம் கன்றிப்போவது பற்றியும் கேட்டிருந்தார்கள். வளையம் பழகுவோருக்கு அது இயல்பு, நாளடைவில் குறையும். கையிலோ காலிலோ மரத்துப்போதல் இயல்பன்று, உடனே இறங்கிவிடுங்கள். குளுக்கோமா (கண் நீர் அழுத்த நோய்) அல்லது உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள், தலைகீழ் நிலையைத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.