பிள்ளைக்கு முதல் எலெக்ட்ரிக் கிட்டார்: கையில் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

போன வருடம் என் மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்கு எலெக்ட்ரிக் கிட்டாரைப் பெட்டி பிரிக்காமல் அப்படியே கொடுத்தேன். அவள் ஆசை ஆசையாகப் பிரித்து மடியில் வைத்து மீட்டினாள். கம்பிகள் தொளதொளவென்று கிடந்தன. நான் அவசரமாக முறுக்கியதில் மெல்லிய முதல் கம்பி பட்டென்று அறுந்துவிட்டது. வீட்டில் மாற்றுக் கம்பி இல்லை. பத்து நாள் அந்தக் கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அன்றைக்கு அவள் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை.

பிள்ளை கையில் வாங்கின ஐந்தாவது நிமிடம் அதிலிருந்து நல்ல சத்தம் வர வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

முதல் வேலை: அளவு பார்த்து வாங்குவது

"முதலில் அகூஸ்டிக் (கரண்ட் இல்லாத மரக் கிட்டார்) பழகட்டும், அப்புறம் எலெக்ட்ரிக்" என்று நிறைய பேர் சொல்வார்கள். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. எலெக்ட்ரிக்கில் கம்பி மெலிசு, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடு) இடைவெளி குறைவு. சின்ன விரலுக்கு அதுதான் சுலபம்.

பெரியவர்கள் வாசிக்கும் ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கிட்டாரில் கம்பியின் நீளம் 25.5 அங்குலம். ஏழெட்டு வயதிலிருந்து பத்து வயது வரைக்கும் 22, 23 அங்குலத்தில் வரும் சின்னக் கிட்டார் பொருந்தும். ஸ்குவையர் மினி, ஐபனெஸ் மிக்ரோ எல்லாம் அந்த அளவுதான். கையை முழுக்க நீட்டாமலேயே முதல் ஃப்ரெட் எட்டினால் சரியான அளவு. பிறந்தநாள் வரை ரகசியமாக வைக்க வேண்டும் என்று பார்க்காதீர்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டே போங்கள். நாங்கள் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி மவுண்ட் ரோட்டுக்குப் போனோம். 1842-லிருந்து இருக்கும் இசைக்கருவிக் கடை மியூஸி மியூசிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பிரிட்ஜ், அதாவது கிட்டார் உடம்பில் கம்பிகள் வந்து உட்காரும் உலோகப் பகுதி, அசையாத மாதிரி இருக்கும் கிட்டாராகக் கேளுங்கள். மிதக்கும் பிரிட்ஜ் வேண்டாம். அதில் ஒரு கம்பியை முறுக்கினால் மற்ற ஐந்தின் சுருதியும் இறங்கிவிடும்.

கூடவே பத்து வாட்டோ அதற்குக் குறைவாகவோ ஒரு ஆம்ப் (சத்தத்தைப் பெரிதாக்கும் ஸ்பீக்கர் பெட்டி), பத்தடி கேபிள், சுருதி காட்டும் கிளிப் ட்யூனர், தோளில் மாட்டும் பட்டை, கம்பியை மீட்ட இரண்டு மூன்று பிக் (சின்ன வில்லை) வாங்குங்கள். மாற்றுக் கம்பி ஒரு செட் கட்டாயம். '9' என்று போட்டிருக்கும் மெல்லிய செட் போதும். ஆம்பில் ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டின வீடுகளில் அது இல்லாமல் ராத்திரி வாசிக்கவே முடியாது.

இரண்டாவது: விவரம் தெரிந்தவர் கையில் ஒரு தடவை கொடுப்பது

புதுக் கிட்டாரில் கம்பி உயரமாக நிற்பது சகஜம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் பிள்ளைக்கு நல்லது. கடையிலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் ராயபுரத்திலோ பெரம்பூரிலோ சர்ச் கொயரில் கிட்டார் வாசிக்கிற அண்ணன் யாராவது இருப்பார், அவரிடம் கேளுங்கள். கிட்டாரின் கழுத்து மரத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியை நீங்களாகத் திருகாதீர்கள்.

மூன்றாவது: சுருதி சேர்ப்பது

முதல் மாதம் முழுக்க இது உங்கள் வேலை. ட்யூனரைத் தலைப்பகுதியில் மாட்டுங்கள். தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று வர வேண்டும். கம்பியைத் தட்டி, அதை முறுக்கும் சாவியைக் கொஞ்சமாகத் திருப்பி, மறுபடி தட்டிப் பாருங்கள். சத்தம் மாறவில்லையே என்று மேலும் திருப்பாதீர்கள். வேறு கம்பியின் சாவியைத் திருப்பிக்கொண்டிருப்பீர்கள். நான் அப்படித்தான் அறுத்தேன்.

நான்காவது: கரண்ட்

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக ஆம்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். பிள்ளை தொடுவது அந்த உலோகத்தைத்தான். நம் வடசென்னைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருந்தும் உள்ளே எர்த் வயர் கொடுக்காமல் விட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்துவிட்டு ஆம்பை மாட்டுங்கள். கம்பியைத் தொடும்போது சுர்ரென்றால் அந்த நிமிடமே சுவிட்சை அணைத்துவிடுங்கள். எர்த் சரியில்லாத வீடா? பேட்டரியில் ஓடும் குட்டி ஆம்ப் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

ஆம்பின் வால்யூமைச் சுழியத்தில் வைத்து, கேபிளை இரண்டு பக்கமும் செருகி, ஆம்பை ஆன் செய்து, பிறகு மெல்ல ஏற்றுங்கள். லேசான இரைச்சல் இருக்கத்தான் செய்யும்.

ஐந்தாவது: முதல் சாயங்காலம்

கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் வாசிப்பது) எதுவும் சொல்லித் தராதீர்கள். தடித்த கம்பியை மட்டும் பிக்கால் அடிக்கச் சொல்லி, நீங்கள் மேசையில் தாளம் தட்டுங்கள். கானாக்காரர்கள் மேசையில் தட்டுவதைக் கேட்டு வளரும் நம் பிள்ளைகளுக்குத் தாளம் புதிதில்லை. என் மகள் இரண்டாவது நிமிடமே சேர்ந்துகொண்டாள்.

அப்புறம் மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரு விரல். அவள் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் வைத்தாள், கம்பி கரகரவென்று முனகியது. இன்னும் அழுத்தினாள், நகம் வெளுத்ததுதான் மிச்சம். விரலை ஒரு அரிசி அளவு முன்னால், ஃப்ரெட் கம்பியை ஒட்டி நகர்த்தச் சொன்னேன். சத்தம் மணி மாதிரி வந்தது. திரும்பி என்னைப் பார்த்துவிட்டு அதையே இருபது தடவை வாசித்தாள்.

விரல் நுனி முதல் இரண்டு மூன்று வாரம் வலிக்கும். தினம் பத்து நிமிடம் போதும், வலித்தால் நிறுத்திவிடலாம்.

கடைசியாக: துடைப்பது

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு இது முக்கியம். உப்புக்காற்றும் கை வேர்வையும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். விரலுக்குச் சொரசொரவென்று பட்டால் மாற்றிவிடுங்கள். கிட்டாரை உறைக்குள் பூட்டி வைக்காமல், பிள்ளை கைக்கு எட்டும் இடத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். எங்கள் வீட்டில் அது பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நிற்கிறது. பள்ளிக்கூடப் பையை இறக்கியதும் அவள் கை முதலில் அங்கேதான் போகிறது.