அரபு நாட்டுல தெரு கொதிக்கும்போது வெளிநாடுகளோட அறிக்கைய எப்படி படிக்கறது

ஏதாவது ஒரு அரபு நாட்டுல ஜனங்க ரோட்டுக்கு வந்துட்டாங்கன்னா அன்னிக்கு சாயங்காலமே வாஷிங்டன், பாரிஸ், அங்காரா, மாஸ்கோ, டெல்லின்னு எல்லா பக்கமிருந்தும் ஒரு அறிக்கை வந்துரும், கவலையோட கவனிச்சுட்டு இருக்கோம், எல்லா தரப்பும் நிதானமா இருக்கணும்னு. இத வச்சு டிவில ஒரு மணி நேரம் விவாதம் ஓட்டுவாங்க. அந்த ஒரு மணி நேரத்த நீங்க மிச்சம் பண்ணிக்கலாம், ஏன்னா முதல் நாள் அறிக்கைல பெருசா ஒண்ணும் இருக்காது. ஆனா தூக்கி போட்றாதீங்க, தேதி போட்டு சேவ் பண்ணி வைங்க, பத்து நாள் கழிச்சு வர்ற அறிக்கையோட பக்கத்துல வச்சு பார்க்கும்போதுதான் அதுக்கு மதிப்பு.

2011 ஜனவரி 25, கெய்ரோல தஹ்ரீர் சதுக்கத்துல கூட்டம் கூடுன அதே நாள், எகிப்து அரசு ஸ்திரமா இருக்குன்னுதான் எங்க கணிப்புன்னு அப்போ அமெரிக்க வெளியுறவு அமைச்சரா இருந்த ஹிலாரி கிளிண்டன் சொன்னாங்க. பதினேழு நாள் கழிச்சு, பிப்ரவரி 11, எகிப்து அதிபர் முபாரக் பதவில இல்ல. பிரான்ஸ் கதை இத விட மோசம். துனிஷியா பத்தி எரிஞ்சுட்டு இருந்தப்போ அந்த ஊர் வெளியுறவு அமைச்சர் மிஷேல் அலியோ மாரி பார்லிமென்ட்லயே எழுந்து, கூட்டத்த சமாளிக்கறதுல எங்க போலீஸுக்கு இருக்கற அனுபவத்த துனிஷியாவுக்கு தரலாம்னு சொன்னாங்க, சொல்லி சில நாள்ல, ஜனவரி 14, துனிஷியா அதிபர் பென் அலி சவுதிக்கு பறந்துட்டார். அந்தம்மா கிறிஸ்துமஸ் லீவுக்கு துனிஷியா போயி, ஆட்சிக்கு நெருக்கமான ஒரு தொழிலதிபரோட விமானத்துல சுத்துன விஷயமும் வெளிய வந்து பிப்ரவரி கடைசில பதவி போச்சு.

சரி, அறிக்கைய விட்டா வேற எத பார்க்கறது?

ஒரு நோட்டு எடுங்க. போராட்டம் நடக்கற நாட்டோட பேர மேல எழுதிட்டு, கீழ சம்பந்தப்பட்ட வெளிநாடுகள வரிசையா எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரே ஒரு கேள்வி, இவங்களுக்கு அங்க கை எங்க மாட்டியிருக்கு? ராணுவ தளமா, கடற்படை துறைமுகமா, வருஷா வருஷம் போற ராணுவ உதவியா, எண்ணெய், கேஸா, படகுல வர்ற அகதிகள தடுத்து நிறுத்தற ஒப்பந்தமா, அங்க வேலை பார்க்கற சொந்த ஜனங்களா, இல்ல அங்க ஜெயிச்சா நம்ம தெருவுலயும் இதே கோஷம் வந்துருமோங்கற பயமா. கடைசியா சொன்னத மறக்காம எழுதுங்க, பக்கத்து மன்னராட்சி நாடுகளுக்கு அதுதான் முதல் கணக்கே.

இந்த நோட்டு எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்க 2011 மார்ச்ல ஒரே ஒரு வாரத்த எடுத்துக்கலாம். மார்ச் 12, லிபியா மேல நோ ஃப்ளை ஸோன், அதாவது விமானம் பறக்கத் தடை போடுங்க, பொதுமக்கள காப்பாத்துங்கன்னு அரபு நாடுகளோட கூட்டமைப்பான அரபு லீக் ஐநாவ கேக்குது, அதுக்கு வளைகுடா நாடுகள்தான் முன்னாடி நின்னு தள்ளுனது. மார்ச் 14, அதே வளைகுடா நாடுகள்ல ஒண்ணான சவுதியோட படை கிங் ஃபஹத் பாலம் வழியா பஹ்ரைனுக்குள்ள போகுது, எமிரேட்ஸ் போலீஸும் கூட, இது போராடற மக்கள காப்பாத்த இல்ல, அரச குடும்பத்த காப்பாத்த. மார்ச் 17, லிபியாவுக்காக ஐநா பாதுகாப்பு கவுன்சில்ல 1973ஆம் எண் தீர்மானம் பாஸ் ஆகுது. மார்ச் 18, பஹ்ரைன்ல போராட்டக்காரங்க கூடுன முத்து சதுக்கத்தோட நினைவுச் சின்னத்தையே இடிச்சு தள்றாங்க.

இத இரட்டை வேஷம்னு திட்டிட்டு போயிரலாம், தப்பும் இல்ல. ஆனா திட்டறது வேற, கணிக்கறது வேற. நோட்டுல பாருங்க, லிபியா தலைவர் கடாஃபி அரபு மாநாட்டுலயே சவுதி மன்னர மூஞ்சிக்கு நேரா அவமானப்படுத்துன ஆளு, அவருக்கு அந்த வட்டாரத்துல அழறதுக்கு ஆளே இல்ல. பஹ்ரைன்ல அமெரிக்காவோட ஐந்தாவது கடற்படை இருக்கு, ஆளறது சுன்னி குடும்பம், ஜனத்தொகைல ஷியா அதிகம், பாலத்துக்கு அந்தப் பக்கம் சவுதியோட கிழக்கு மாகாணம், அங்கதான் எண்ணெயும் இருக்கு சவுதியோட ஷியா ஜனங்களும் இருக்காங்க. இத எழுதி வச்சிருந்தா பாலத்துல வண்டி போனப்போ ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. அமெரிக்கா பஹ்ரைன கண்டிச்சு சில வார்த்தை பேசுச்சு, கப்பல் அங்கயேதான் நின்னுச்சு.

அடுத்து வார்த்தை. முதல் நாள் அறிக்கைல ஒண்ணுமில்லன்னு சொன்னேன், ஆனா வார்த்தை மாறற வேகத்துல நிறைய இருக்கு. பொதுவா படி ஏறற மாதிரி போகும். முதல் படி எல்லா தரப்பும் நிதானம். அடுத்தது மக்களோட நியாயமான கோரிக்கை. அப்புறம் சீர்திருத்தம். அப்புறம் ஒழுங்கான மாற்றம். கடைசி படில தலைவரோட பேர சொல்லி போகணும்னு வரும். எந்தப் படில நிக்கறாங்க, எத்தன நாள் அங்கயே நிக்கறாங்கன்னு குறிச்சுக்கோங்க. எகிப்து விஷயத்துல ஜனவரி 27 ராத்திரி ஜோ பைடன், அப்போ துணை ஜனாதிபதி, முபாரக்க சர்வாதிகாரின்னு சொல்லமாட்டேன்னு பேட்டி குடுக்கறார், பிப்ரவரி 1 ஒபாமா மாற்றம் இப்பவே ஆரம்பிக்கணும்னு பேசறார், அஞ்சு நாள்ல இவ்ளோ தூரம். அதுக்கப்புறம் ஒரு வேடிக்கை, கெய்ரோவுக்கு விசேஷ தூதரா அனுப்புன ஃப்ராங்க் விஸ்னர் பிப்ரவரி 5 ஒரு மாநாட்டுல முபாரக் இருக்கறது அவசியம்னு பேசிட்டார், அது அவரோட சொந்த கருத்துன்னு சொல்லி அரசாங்கம் ஒதுங்கிருச்சு. இப்படி ஒரே அரசாங்கத்துல ரெண்டு குரல் வந்தா அவங்களுக்குள்ளயே இன்னும் முடிவாகலன்னு அர்த்தம், அந்த சமயத்துல யாராவது உறுதியா ஜோசியம் சொன்னா நம்பாதீங்க.

சொன்ன வார்த்தைய விட சொல்லாத வார்த்தை முக்கியம். 2013 ஜூலை 3, தேர்தல்ல ஜெயிச்ச எகிப்து அதிபர் மோர்சிய ராணுவம் தூக்குது, ராணுவத் தலைவர் சிசி டிவில வந்து அறிவிக்கறார், உலகத்துல யார கேட்டாலும் இதுக்கு பேரு ராணுவப் புரட்சிதான். அமெரிக்கா மட்டும் அந்த வார்த்தைய வாயிலயே வரவிடல. ஏன்னா தேர்ந்தெடுத்த அரச ராணுவம் கவுத்தா அந்த நாட்டுக்கு உதவி தரக்கூடாதுன்னு அவங்க சட்டத்துலயே இருக்கு, எகிப்துக்கு வருஷத்துக்கு 130 கோடி டாலர் ராணுவ உதவி போகுது, அது நின்னா 1979 இஸ்ரேல் சமாதான ஒப்பந்தம் என்ன ஆகுமோன்னு பயம். அதனால புரட்சியா இல்லையான்னு முடிவு பண்ற அவசியமே எங்களுக்கு இல்லன்னுட்டாங்க. ஒரு அரசாங்கம் ஒரு வார்த்தைய சுத்தி சுத்தி வருதுன்னா அந்த வார்த்தைக்கு பின்னாடி ஒரு சட்டம் இருக்கும், சட்டத்துக்கு பின்னாடி ஒரு தொகை இருக்கும், தேடுங்க கிடைக்கும். இதே சம்பவத்துல ஆப்பிரிக்க யூனியன் என்ன பண்ணுச்சுன்னு யாரும் பேசறதில்ல, ரெண்டே நாள்ல எகிப்த சஸ்பெண்ட் பண்ணுச்சு, அடுத்த வருஷம் சிசி தேர்தல்ல ஜெயிச்சதும் திரும்ப சேத்துக்கிச்சு.

இப்போ பணம், எனக்கு இதுலதான் நம்பிக்கை ஜாஸ்தி. மோர்சி போன சில நாள்லயே சவுதி 500 கோடி, குவைத் 400 கோடி, எமிரேட்ஸ் 300 கோடி, மொத்தம் 1200 கோடி டாலர் தர்றோம்னு அறிவிச்சாங்க. அமெரிக்காவோட ஒரு வருஷ ராணுவ உதவிய இதோட வச்சு பாருங்க. ஆகஸ்ட் 14 கெய்ரோவோட ராபியா சதுக்கத்துல மோர்சி ஆதரவாளர்கள் நூத்துக்கணக்கான பேர சுட்டுக் கொன்ன பிறகு மேற்கு நாடுகள் உதவிய குறைக்கலாமான்னு யோசிச்சப்போ சவுதி வெளியுறவு அமைச்சர் சவுத் அல் ஃபைசல், நீங்க நிறுத்துனா நாங்க ஈடு கட்டுறோம்னு வெளிப்படையாவே சொல்லிட்டார். அதுக்கப்புறம் அமெரிக்கா சில ஆயுதங்கள நிறுத்தி வச்சது, 2015ல திரும்ப விட்டது எல்லாம் சம்பிரதாயம் மாதிரிதான் எனக்கு தெரியுது. சூடான்லயும் இதே தடம், 2019 ஏப்ரல் 11 அதிபர் பஷீர ராணுவம் இறக்குச்சு, பத்தே நாள்ல சவுதியும் எமிரேட்ஸும் 300 கோடி டாலர் அறிவிப்பு, அதுல 50 கோடி மத்திய வங்கில டெபாசிட். ஜூன் 3 கார்ட்டூம்ல ராணுவ தலைமையகத்துக்கு முன்னாடி உக்காந்திருந்தவங்க மேல கொலைவெறி தாக்குதல். பணம் எந்த கைக்கு போகுதுன்னு ஏப்ரல்லயே தெரிஞ்சுது, தெருவுல இருந்தவங்களுக்கு இல்ல. ஒண்ணு மட்டும் கவனம், அறிவிச்ச தொகையும் வந்து சேர்ந்த தொகையும் ஒண்ணு இல்ல, மத்திய வங்கில டெபாசிட் ஆச்சுன்னா அது நிஜம், மாநாட்டுல கை தட்டி அறிவிச்சதுன்னா பாதிய கழிச்சுக்கோங்க.

ஐநா ஓட்டு. ஆதரவு, எதிர்ப்புன்னு மட்டும் பார்க்காதீங்க, ஒதுங்குனவங்கள பாருங்க. 1973 தீர்மானத்துக்கு 10 ஓட்டு ஆதரவு, எதிர்ப்பு ஒண்ணு கூட இல்ல, ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி அஞ்சு பேரும் ஒதுங்கிட்டாங்க. ரஷ்யாவும் சீனாவும் நினைச்சிருந்தா வீட்டோ போட்டிருக்கலாம், அரபு லீக்கே கேக்கும்போது குறுக்க நிக்க வேணாம்னு விட்டாங்க. பொதுமக்கள காப்பாத்தன்னு ஆரம்பிச்சது கடாஃபிய கவுக்கறதுல முடிஞ்சதும் எங்கள ஏமாத்திட்டாங்கன்னு கொதிச்சாங்க, அந்த கோபத்துக்கு விலை குடுத்தது சிரியா. 2011 அக்டோபர் 4 சிரியா தீர்மானத்துக்கு ரெண்டு பேரும் வீட்டோ, 2012 பிப்ரவரி 4 திரும்ப வீட்டோ. இந்தியா அக்டோபர்ல ஒதுங்குச்சு, பிப்ரவரில ஆதரவா ஓட்டு போட்டுச்சு, நடுவுல மாறுனது என்னன்னா அந்த ரெண்டாவது தீர்மானம் அரபு லீக் திட்டத்து மேல கட்டுனது, வளைகுடாவுல இவ்ளோ ஜனங்களையும் எண்ணெயையும் வச்சுக்கிட்டு அந்த நாடுகளுக்கு எதிரா நிக்க டெல்லிக்கு மனசு வரலன்னுதான் நான் படிக்கறேன்.

சொந்த ஜனங்க விஷயம் தனியா ஒரு அடையாளம். உள்ள ஆளுங்க மாட்டியிருக்கற நாடு, கப்பலும் விமானமும் வேலைய முடிக்கற வரைக்கும் வாய திறக்காது. எர்டோகன் முபாரக்க போகச் சொல்லி பிப்ரவரி ஆரம்பத்துலயே பேசுனவர், லிபியான்னு வந்ததும் அதே மாசக் கடைசில நேட்டோவுக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டார், துருக்கி கம்பெனிகளோட கட்டட வேலையும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களும் அங்க இருந்தாங்க. மே மாசம்தான் கடாஃபி போகணும்னார். இந்தியாவும் 2015ல ஏமன்ல ஆபரேஷன் ராஹத் நடத்தி 4,600க்கு மேல இந்தியர்கள கொண்டு வந்துச்சு, கூடவே 41 நாட்டுக்காரங்களையும், அந்த நேரத்துல குண்டு போடற சவுதிகிட்டயே வழி கேட்டு வாங்க வேண்டியிருந்துச்சு. அப்போ யார கண்டிச்சு அறிக்கை விட முடியும்?

அப்புறம் தலைவருக்கு கதவு எங்கன்னு பாருங்க. பென் அலிக்கு சவுதி திறந்துச்சு, போயிட்டார். ஏமன்ல அதிபர் சாலேவுக்கு வழக்கே போடமாட்டோம்னு வளைகுடா நாடுகள் உறுதி குடுத்து 2011 நவம்பர் 23 ரியாத்ல கையெழுத்து வாங்குனாங்க, ஆனா அவர ஊர விட்டு அனுப்பல, அந்த ஓட்டை வழியா வந்த வினைதான் பின்னாடி ஹூதி கிளர்ச்சிப் படையோட சேர்ந்து வந்து நின்னுச்சு. கடாஃபிக்கு பிப்ரவரி 26ஆம் தேதியே 1970ஆம் எண் தீர்மானம் மூலமா சர்வதேச குற்றவியல் நீதிமன்றம்னு எழுதிட்டாங்க, கதவு சாத்தியாச்சு, அவர் கடைசி வரைக்கும் சண்டை போட்டார். நீதி வேணும்னா கதவ சாத்தணும், சீக்கிரம் முடியணும்னா திறக்கணும், எது சரின்னு எனக்கு இன்னும் முடிவு பண்ண முடியல.

இந்த நோட்டு முறை சறுக்குன இடத்தையும் சொல்லிடறேன். 2011 ஆகஸ்ட் 18 ஒபாமா சிரியா அதிபர் அசாத் போகணும்னார், அதே நாள் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனியும். அப்போ நான் ஆறு மாசத்துல முடிஞ்சிரும்னு நம்புனேன். நோட்டுல அமெரிக்கா வரிய பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும், அங்க அவங்களுக்கு தளம் இல்ல, நிறுத்தறதுக்கு உதவிப் பணம் இல்ல, பெருசா வியாபாரமும் இல்ல, வாய் பெருசு கை காலி. ரஷ்யா வரில தார்தூஸ் துறைமுகம் இருந்துச்சு, 2015 செப்டம்பர் 30 அவங்க விமானம் குண்டு போட ஆரம்பிச்சுது. அதனால அசாத் அசைய மாட்டார்னு நோட்டு சொல்லுச்சு, நானும் ரொம்ப வருஷம் அதையே சொல்லிட்டு இருந்தேன், 2024 நவம்பர் 27 ஆரம்பிச்ச தாக்குதல் பதினோரு நாள்ல, டிசம்பர் 8, ஆட்சிய கவுத்து அவர மாஸ்கோவுக்கு அனுப்பிருச்சு. ரஷ்யா உக்ரைன்ல சிக்கியிருந்துச்சு, ஈரானும் லெபனானோட ஹிஸ்புல்லா படையும் அடி வாங்கியிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் நோட்டுல இன்னொரு பத்தி சேத்தேன், கை மாட்டியிருக்கு சரி, அந்தக் கையில தெம்பு எவ்ளோ மிச்சம்?

கடைசியா, தெரு காலியானதும் நோட்ட மூடிறாதீங்க, ரெண்டாவது மூணாவது வருஷம்தான் ஆதரவோட நிஜ முகம் தெரியும். அரபு எழுச்சில தேறுன ஒரே நாடுன்னு எல்லாரும் கொண்டாடுன துனிஷியாவுல 2021 ஜூலை 25 அதிபர் கைஸ் சயீத் பார்லிமென்ட்ட முடக்கினார், ஐரோப்பா கவலை தெரிவிச்சுது, 2023 ஜூலைல அதே ஐரோப்பிய யூனியனோட கமிஷன் தலைவர் இத்தாலி பிரதமரோட துனிஸுக்கே போயி ஒப்பந்தம் போட்டார், அதுல அகதிகள் படக தடுக்கறதுக்கு மட்டும் 10.5 கோடி யூரோ.

கத்துக்கறதுக்கு ஒரு கேஸ் வேணும்னா சிரியாவையே எடுங்க. அசாத்த கவுத்த கிளர்ச்சிப் படையோட தலைவர் அஹ்மத் அல் ஷரா தலைக்கு அமெரிக்கா 1 கோடி டாலர் விலை வச்சிருந்துச்சு, 2024 டிசம்பர் 20 அத எடுத்துட்டோம்னாங்க, 2025 மே 13 ரியாத்ல டிரம்ப் சிரியா மேல இருக்கற தடைய நீக்கறேன்னு அறிவிக்கறார், மறுநாள் அதே ஊர்ல ஷராவோட கை குலுக்கறார். சந்திப்பு நடந்த ஊரு எதுன்னு கவனிச்சீங்கன்னா முதல் வரிய எந்த நாட்டுல இருந்து எழுத ஆரம்பிக்கணும்னு தெரிஞ்சிரும், மீதிய நீங்களே போட்டு பாருங்க.